சாம்பலில் வளர்ந்த காடு

ஓரிடத்தில் வாழும் உயிரினங்களின் கூட்டம் காலப்போக்கில் மாறி, முன்பு இருந்தவற்றின் இடத்தை வேறு இனங்கள் பிடிப்பதைச் சூழலியலில் 'வழிமுறை வளர்ச்சி' என்பார்கள். வெறும் பாறையிலோ எரிமலைச் சாம்பலிலோ தொடங்கினால் அது முதல்நிலை வளர்ச்சி. காடு எரிந்த பிறகோ வயல் தரிசான பிறகோ, மண்ணும் விதைகளும் எஞ்சிய இடத்தில் தொடங்கினால் இரண்டாம்நிலை. இது விரைவாக நடக்கும்.

முதல்நிலை வளர்ச்சிக்குப் புகழ்பெற்ற சான்று இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள இந்த எரிமலைத் தீவின் பெரும்பகுதி 1883 ஆகஸ்ட் 27 அன்று வெடித்துச் சிதறியது. எஞ்சிய ரக்காட்டா பகுதி கனத்த சாம்பலில் புதைந்தது. 1884 மே மாதம் அங்கே சென்ற ஆய்வுக் குழுவின் கண்ணில் பட்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி.

1886-இல் தாவரவியலாளர் மெல்கியார் டிரோய்ப் சென்றபோது, சாம்பல்மேல் நீலப்பசும்பாசி படலமாகப் படர்ந்திருந்தது. உட்பகுதியில் பெரணிகள் மிகுந்திருந்தன. தூசியளவே உள்ள பெரணி வித்துகளைக் காற்று கொண்டுவந்தது. பாசிப் படலம் அவை முளைக்க ஈரம் தந்தது. கரையோரம் கடல் ஒதுக்கிய விதைகள் முளைத்தன. 1897-இல் உட்பகுதியில் நாணல் போன்ற உயரமான புற்கள் பரவியிருந்தன; கரையில் அடம்புக்கொடியும் சவுக்கும் வளர்ந்தன. அத்தி இன மரங்களின் விதைகள் பறவை, வௌவால் எச்சத்தோடு வந்து விழுந்தன. 1920-களின் இறுதிக்குள் தீவின் பெரும்பகுதியைக் காடு மூடியது. வெயிலை நம்பிய புற்கள் நிழலில் பின்வாங்கின. அவற்றோடு திறந்தவெளிப் பறவைகள் சிலவும் மறைந்தன.

முன்னோடி இனங்கள் மட்கி மண்ணை வளப்படுத்துகின்றன. அந்த மண்ணில் வளரும் மரங்களின் நிழலே முன்னோடிகளை விரட்டுகிறது. இந்த மாற்றங்கள், தட்பவெப்பம் தீர்மானிக்கும் நிலையான 'உச்சச் சமுதாயத்தில்' முடியும் என்று 1916-இல் அமெரிக்கர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் கருதினார். 1926-இல் ஹென்றி கிளீசன் இதை மறுத்தார்: ஒவ்வோர் இனமும் தன் வாய்ப்புக்கும் தேவைக்கும் ஏற்பத் தனித்தனியே வந்து சேர்கிறது என்றார். கிரக்கத்தோவாவில் அவர் வாதத்துக்கு வலு உண்டு. அருகிலுள்ள பெருநிலக் காடுகளின் மரங்களில், கடலோ காற்றோ பறவையோ சுமக்க முடியாத பெரிய விதை கொண்டவை பல இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

வளர்ச்சி எப்போதும் ஒரே திசையில் செல்வதும் இல்லை. பழைய தீவு சிதறிய இடத்தில் 1927-இல் தலைகாட்டத் தொடங்கிய அனாக் கிரக்கத்தோவா அடிக்கடி குமுறுகிறது. ஒவ்வொரு பெரிய குமுறலிலும் செடிகொடிகள் அழிய, அங்கே முன்னோடி இனங்களிலிருந்தே வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது.