ஆர்டர் கேக்குக்கு விலை வைப்பது எப்படி?



நம் கடைகளில் மைதா, சர்க்கரை, வெண்ணெய் வாங்கிச் செல்வோரில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வீட்டிலிருந்தே பிறந்த நாள் கேக்கும் கல்யாண நாள் கேக்கும் ஆர்டருக்குச் செய்து கொடுப்பவர்கள்தான் அவர்கள். நம் மளிகைக் கடைக்காரர்கள் சிலரும் கடை முகப்பில் கேக் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிலர் வீட்டில் மகளோ மருமகளோ இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

என் கடையில் சரக்கு எடுக்கும் மந்தைவெளி அம்மா ஒருவர். தொழில் சுத்தம், கை ருசி இரண்டும் உள்ளவர். மாதம் 25 கேக்குக்குக் குறையாமல் ஆர்டர் வரும். ஆனால் என் பேரேட்டில் அவர் பெயரில் பாக்கி மாதா மாதம் ஏறிக்கொண்டே போய், ஒரு வருடத்தில் 18,400 ரூபாயில் வந்து நின்றது. "வேலைக்குக் குறைவில்லை அண்ணாச்சி, கையில்தான் காசு நிற்க மாட்டேன் என்கிறது" என்று ஒரு நாள் கண் கலங்கிச் சொன்னார். "கணக்கு நோட்டை எடுத்து வாங்கம்மா, உட்கார்ந்து பார்ப்போம்" என்றேன். அன்று பார்த்த கணக்கைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மளிகைக் கணக்கு இங்கே ஆகாது

நாம் சர்க்கரை மூட்டையில் சொற்ப லாபம் வைத்து விற்கிறோம். இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவர் வாங்குவார். முதல் பல தடவை சுற்றி வருவதால் சிறு லாபமும் கட்டுப்படியாகிறது.

ஆர்டர் கேக் அப்படியல்ல. ஒரு குழந்தையின் பெயர் எழுதிய கேக்கை இன்னொரு வீட்டுக்கு விற்க முடியாது. மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. ஒருவரே நின்று செய்வதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் ஆகாது. இங்கே விற்பனையாவது சரக்கு மட்டும் அல்ல, கைவேலையும் நேரமும் சேர்ந்துதான்.

இது நமக்குத் தெரியாத பாடமும் அல்ல. மயிலாப்பூரில் சீர் பட்சணம் செய்யும் மாமிகளைக் கேட்டுப் பாருங்கள். கை முறுக்குக்குச் சுற்றுக் கணக்கில்தான் விலை. ஐந்து சுற்றுக்கு ஒரு விலை, ஏழு சுற்றுக்கு ஒரு விலை, பதினோரு சுற்றுக்கு வேறு விலை. சுற்று கூடக் கூட மாவு கூடுவதைவிட, கைப்பக்குவமும் உடைந்து போகும் சேதமும் கூடுகின்றன. அதற்குத்தான் விலை. அரிசி மாவு என்ன விலை என்று அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை.

கேக் ஆர்டருக்கும் பழைய வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து மலபாரில், தலசேரியில், பர்மாவில் தொழில் கற்று வந்து பிஸ்கட் செய்துகொண்டிருந்த மம்பள்ளி பாபுவிடம், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி 1883ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி, இதைப் போலச் செய்து தர முடியுமா என்று கேட்டார். பாபு செய்து கொடுத்தார். மாதிரியைக் காட்டிச் செய்யச் சொல்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்று அந்த மாதிரி செல்போன் படமாக வருகிறது, அவ்வளவுதான்.

அடக்க விலை போடும் முறை

ஒரு கிலோ சாக்லேட் கேக்கை எடுத்துக்கொள்வோம். விலைகள் நாளுக்கு நாள் மாறும். எனவே தொகையை விட்டுவிட்டு முறையைக் கவனியுங்கள்.

மைதா 150 கிராம் – ரூ. 8
சர்க்கரை 200 கிராம் – ரூ. 9
முட்டை 4 – ரூ. 28
வெண்ணெய் 100 கிராம் – ரூ. 60
கோகோ பவுடர் 40 கிராம் – ரூ. 40
பேக்கிங் பவுடர், எசென்ஸ் – ரூ. 10
விப்பிங் கிரீம் 300 கிராம் – ரூ. 75
சாக்லேட் காம்பவுண்ட் 150 கிராம் – ரூ. 45
ஆக மொத்தம் ரூ. 275.

அந்த அம்மா இந்த 275 ரூபாயை இரட்டிப்பாக்கி 550 ரூபாய்க்கு விற்றுவந்தார். பாதிக்குப் பாதி லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் நோட்டில் எழுதாமல் விட்டதைப் பாருங்கள்.

அடியில் வைக்கும் போர்டு 25, பெட்டி 30, மெழுகுவர்த்தி, கத்தி, ரிப்பன் 10. ஆக 65. பாத்திரத்தில் ஒட்டுவது, சரிவர உப்பாமல் போவது, மீந்து கெட்டுப்போகும் கிரீம் ஆகிய சேதாரத்துக்கு 25. மின்சாரமும் கேஸும் 25. இதுவரை 390 ஆகிவிட்டது.

அடுத்து, அடுப்பு, மிக்சர், பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் முதல். தவணையில் வாங்கியது. ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 12,000, மாதம் 1,000. மாதம் 25 கேக் என்றால் ஒன்றுக்கு 40. டெலிபோன், இடத்துக்கான வாடகைப் பங்கு, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு போன்றவை மாதம் 1,500 என்றால் ஒன்றுக்கு 60. இப்போது 490.

கடைசியாகக் கூலி. சாமான் வாங்கப் போவது, மாவு கலப்பது, வேக வைத்து ஆற விடுவது, கிரீம் பூசி அலங்காரம் செய்வது, பாத்திரம் கழுவுவது, வாடிக்கையாளருடன் பேசுவது என்று ஒரு கேக்குக்கு நான்கு மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 320. "என் வேலைக்கு எனக்கே கூலியா?" என்று கேட்டார். நாளைக்கு உடம்பு சரியில்லாமல் ஓர் ஆளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டாமா? அந்தக் கூலியைத் தாங்காத விலை விலையே அல்ல.

ஆக அசல் அடக்கம் 810 ரூபாய். விற்றது 550.

பாக்கி வந்த வழி

இன்னொன்றும் இருந்தது. அநேகமாக எல்லாக் கேக்கையும் அவர் ஆட்டோ வைத்து இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அடையாறு, தி. நகர் என்று சராசரி 120 ரூபாய். தன் கூலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் செலவு 490ம் 120ம் சேர்ந்து 610. வரவு 550. கேக்குக்கு 60 ரூபாய் துண்டு விழுகிறது. மாதம் 25 கேக்குக்கு 1,500. வருடத்துக்கு 18,000.

என் பேரேட்டில் நின்ற பாக்கி எங்கிருந்து வந்தது என்று அப்போது இருவருக்கும் புரிந்தது. ஆட்டோவுக்கும் தவணைக்கும் ரொக்கம் கொடுத்துவிட்டு, சரக்கைக் கடனில் எடுத்திருக்கிறார். ஊரார் பிறந்த நாளுக்கெல்லாம் அவர் உழைப்பைப் போட்டார், நான் முதல் போட்டேன். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பார்கள். இங்கே கணக்கே பார்க்காமல் உழுதிருக்கிறார்.

லாபத்தைச் சேர்ப்பது

அடக்கத்தின் மேல் லாபம் வேண்டும். நூற்றுக்கு 20 வேண்டும் என்றால் பலரும் 810உடன் அதில் 20 பங்கான 162ஐக் கூட்டி 972 என்பார்கள். இது தவறு. 972இல் 162 என்பது விற்பனையில் நூற்றுக்கு 16 சொச்சம்தான். விற்பனையில் 20 மிஞ்ச வேண்டுமானால், 80 பங்கு அடக்கம், 20 பங்கு லாபம் என்று கொள்ள வேண்டும். அடக்கத்தை 80ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 810க்கு 1,012 ரூபாய் 50 காசு வரும். 1,020 என்று விலை வைக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி தனி. செயலி வழியாக விற்றால் அவர்கள் எடுக்கும் கமிஷனையும் இதே முறையில் வகுத்துச் சேர்க்க வேண்டும்.

அரைக் கிலோவுக்குப் பாதி விலை என்பது இன்னொரு பிழை. சரக்குதான் பாதியாகும். பெட்டி, போர்டு, அடுப்பு, தவணை எதுவும் பாதியாகாது. நான்கு மணி வேலை மூன்று மணியாகும், இரண்டாகாது. அரைக் கிலோ கேக்கின் அடக்கமே 565 ரூபாய் வருகிறது. 700 ரூபாய்க்கு விற்க வேண்டியதை 275க்குக் கொடுத்துவந்தார்.

நம் பகுதியில் முட்டை இல்லாத கேக் கேட்பவர்கள் அதிகம். "முட்டைதான் போடவில்லையே, விலையைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்பார்கள். 28 ரூபாய் முட்டைக்குப் பதில் 75 ரூபாய்க்குக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்ற வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதற்கு 50, 60 ரூபாய் கூடுதலாக வாங்குவதே முறை. சர்க்கரைப் பொம்மை, பூ, அடுக்கு கேக் போன்றவற்றுக்கு ஆகும் நேரத்தை எண்ணி மணிக்கு இவ்வளவு என்று சேர்க்க வேண்டும்.

முன்பணமும் விலை மாற்றமும்

"கையிலே காசு, வாயிலே தோசை" என்பது இந்தத் தொழிலுக்கே சொன்னது போன்றது. ஆர்டர் எடுக்கும்போதே பாதிப் பணம் வாங்கிவிட வேண்டும். வேறு எவருக்கும் விற்க முடியாத பண்டத்துக்கு முன்பணம் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சொன்ன விலை இத்தனை நாளைக்குத்தான் செல்லும் என்றும் சொல்லிவிடுங்கள். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அங்கே விளைச்சல் பொய்த்ததால், 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பழைய விலையிலேயே சாக்லேட் கேக் கொடுத்தவர்கள் கைநட்டப்பட்டார்கள். முட்டைக்கு நாமக்கல் விலையை நாள்தோறும் அறிவிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது விலைப் பட்டியலைத் திருத்துங்கள்.

வரி விஷயம்

கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு 18 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதமாகக் குறைந்தது. வெண்ணெய்க்கும் 12இலிருந்து 5 ஆயிற்று. வரிப் பதிவு தேவைப்படாத அளவு சிறிய வியாபாரி வரி வசூலிக்கக் கூடாது. ஆனால் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி அவருக்குத் திரும்பி வராது. ஆகவே பில்லின் அடித்தொகையை, அதாவது வரியும் சேர்ந்த தொகையை, அடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வியாபாரம் பெருகினால் உங்கள் கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள்.

வாடிக்கை போய்விடாதா?

இதுதான் அந்த அம்மாவின் பயமும். விலையை 1,020 ஆக்கினார். உண்மையிலேயே சிலர் போய்விட்டார்கள். மாதம் 25 ஆர்டர் 17 ஆயிற்று. இப்போது கணக்கைப் பாருங்கள். வரவு 17,340. சரக்கு, பெட்டி, சேதாரம், மின்சாரம் கேக்குக்கு 390 வீதம் 6,630. தவணையும் மாதச் செலவும், ஆர்டர் குறைந்தாலும் குறையாமல், 2,500. மீதி 8,210. முன்பு நூறு மணி நேரம் உழைத்து 1,500 கடன்பட்டவர், இப்போது 68 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 120 ரூபாய் பார்க்கிறார். சித்திரைக்குள் என் பாக்கியும் தீர்ந்தது. விலையைப் பார்த்து வந்தவர்கள் போனார்கள், பண்டத்தைப் பார்த்து வந்தவர்கள் நின்றார்கள்.

இதில் எனக்கும் ஒரு பாடம். ஒருவர் மாதா மாதம் கூடுதலாகச் சரக்கு எடுத்தால், நல்ல வாடிக்கை என்று சந்தோஷப்பட்டுக் கடனை ஏற்றிவிடுகிறோம். அவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்பதில்லை. நஷ்டத்துக்கு விற்கிறவருக்கு நாம் கடன் கொடுத்தால் அவரும் முழுகுவார், நம் முதலும் முழுகும். இன்று உங்கள் பேரேட்டைப் புரட்டும்போது, பாக்கி ஏறிக்கொண்டே போகும் பெயர் ஒன்று கண்ணில் பட்டால், அவரைத் தவணைக்கு நெருக்கும் முன் அருகில் அழைத்து உட்கார வைத்து, "அடக்கம் என்ன போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.