உணவுக்குழாய் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைக்குச் சாப்பாடு கொடுப்பது எப்படி?

சில குழந்தைகள் உணவுக்குழாய் முழுசா உருவாகாமலே பிறக்கிறார்கள். இன்னும் சிலர், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுகிறார்கள். உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்யவே முடியாதபோது, டாக்டர்கள் வேறு உறுப்பை வைத்துப் புதுப் பாதை அமைக்கிறார்கள். இரைப்பையை மார்பு வழியாக மேலே இழுத்து இணைப்பார்கள். அல்லது பெருங்குடலின் ஒரு பகுதியைப் பயன்படுத்துவார்கள்.

ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். புதுப் பாதையோடு வயிறு பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

உள்ளே என்ன மாறுகிறது?

இயல்பான உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கி உணவைக் கீழே தள்ளும். புதுப் பாதைக்கு அந்தத் திறன் குறைவு. பெரும்பாலும் உணவு தன் எடையால்தான் இறங்குகிறது.

இரைப்பை மேலே போனால், ஒரே நேரத்தில் நிறைய உணவு தங்க இடம் இருக்காது. உணவு மேலேறாமல் தடுக்கும் அமைப்பும் போய்விடுகிறது. அதனால் படுத்தவுடன் உணவு எதிர்த்து வரலாம், நுரையீரலுக்குள்ளும் போகலாம்.

சில குழந்தைகளுக்கு உணவு குடலுக்குள் வேகமாக இறங்கிவிடும். இதை 'டம்பிங்' என்பார்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுவலி, பேதி வரலாம். 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை இறங்கிச் சோர்வு, நடுக்கம், மயக்கமும் வரலாம். குழந்தை அடம் பிடிக்கிறது என்று திட்டாதீங்க; டாக்டரிடம் சொல்லுங்க.

வீட்டில் என்ன செய்யலாம்?

• மூன்று வேளைக்குப் பதில், 6 முதல் 8 தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. மொபைலில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.
• நிமிர்ந்து உட்கார வைத்து, நன்றாக மென்று விழுங்கப் பழக்குங்க.
• சாப்பிட்டதும் படுக்க வைக்காதீங்க. இரவில் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.
• டம்பிங் இருந்தால் ஜூஸ், குளிர்பானம், சர்க்கரை அதிகமுள்ள பால் வேண்டாம். சாப்பாட்டோடு நிறைய தண்ணீர் கொடுப்பதையும் தவிருங்க.
• மாதம் ஒருமுறை எடை பார்த்துப் போனில் குறித்து வையுங்க. இரும்புச்சத்து, பி12 குறையலாம் என்பதால் டாக்டர் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க.
• சாப்பிடும்போது இருமினால், திணறினால் சின்ன வீடியோ எடுத்து அடுத்த முறை காட்டுங்க. வாயால் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது உதவும்.

எப்போது உடனே போக வேண்டும்?

மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, பச்சை நிற வாந்தி, ரத்த வாந்தி, மயக்கம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, காய்ச்சலோடு இருமல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 108. சாப்பாடு அடிக்கடி சிக்கினாலும் டாக்டரைப் பாருங்க. இணைப்பு சுருங்கியிருக்கலாம், அதை விரித்துவிட வழி இருக்கிறது.

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993.

ஆசிட் உள்ள வீடுகளுக்கு

ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீங்க. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. வெளியே வரும்போது அது உணவுக்குழாயை மறுபடியும் சுடும். வாயைத் துடைத்துவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க.