சினை நாய்க்கு வலி எடுக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள்

நாள் நெருங்கிய சினை நாய் இருட்டான, ஒதுக்குப்புறமான, சுற்றிலும் அடைப்புள்ள இடத்தைத் தேடும். காஞ்சிபுரத்தில் குழித்தறி வைத்திருக்கும் வீட்டில் அப்படியோர் இடம் எப்போதும் இருக்கிறது: நெசவாளர் கால் விட்டு உட்காரும் தறிக்குழி. தறி ஓய்ந்த இரவில் நாய் அதற்குள் இறங்கிப் பறண்ட ஆரம்பித்தால் பட்டுப் பாவுக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறும் குழியில் பிறக்கும் குட்டிகளுக்கும் ஆபத்து. வீட்டில் இருப்பவர்கள் அதட்டி விரட்டுவார்கள். அது வேறு மூலைக்குப் போய் அங்கேயும் பறண்டும். இது குறும்பு இல்லை. பிரசவம் நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். சினை நாயைப் பேணுவதில் பாதி, எப்போது தொடாமல் இருக்க வேண்டும் என்று அறிவது. மறுபாதி, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று அறிவது.

நாய் இணை சேர்ந்த தேதி தெரிந்தால் காலண்டரில் எழுதி வையுங்கள். சராசரியாக 63 நாள். 58 முதல் 68 நாளுக்குள் பெரும்பாலும் குட்டி போட்டுவிடும். 70 நாள் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. 55ஆம் நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரே குட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டிவிடும். இது மிகப் பெரிய உதவி. உள்ளே எத்தனை என்று தெரியாதவருக்கு, பிரசவம் முடிந்ததா, ஒரு குட்டி சிக்கியிருக்கிறதா என்று அந்த நேரத்தில் சொல்லத் தெரியாது.

இரண்டு வாரம் முன்பே ஓர் அட்டைப்பெட்டியையோ மரப்பெட்டியையோ, நாய் காலை நீட்டிப் படுக்கும் அளவில், பழைய பருத்தித் துணி விரித்து வீட்டின் அமைதியான மூலையில் வையுங்கள். தறிச் சத்தம் கேட்காத இடமாக இருந்தால் நல்லது. அதிலேயே படுத்துப் பழகட்டும். தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவிடுங்கள்.

மடி இறங்குவதையும் காம்பில் பால் கசிவதையும் பார்த்து நாள் குறிப்பது பழைய வழக்கம். அதை முழுதாக நம்ப முடியாது. சில நாய்களுக்கு ஒரு வாரம் முன்பே பால் வந்துவிடும். தலைப்பிரசவத்தில் குட்டி போடும் நாளில்தான் வரலாம். இதைவிட நம்பகமானது உடல் வெப்பம். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதை நாய்க்கென்று தனியாக ஒதுக்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் சிறிதளவு நுழைத்து, 55ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வையுங்கள். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்ததும் இது 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். இறங்கினால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை என்றால், நாய் எவ்வளவு தெம்பாகத் தெரிந்தாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பிரசவத்தின் முதல் கட்டத்தில் வலி வெளியே தெரியாது. கருப்பை உள்ளுக்குள் சுருங்கி விரிந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். நாய் சோற்றைத் தொடாது, வாந்தி எடுக்கலாம், உடம்பு நடுங்கும், ஓடாமலே மூச்சு வாங்கும். எழும், படுக்கும், துணியைக் கிழிக்கும், பின்புறத்தைத் திரும்பித் திரும்பி நக்கும். 6 முதல் 12 மணி நேரம் இப்படிப் போகும். முதல் ஈற்றில் ஒரு நாள்கூட ஆகலாம். இந்த நேரத்தில் நாய்க்கு வேண்டியது தண்ணீரும், பழகிய ஒருவரின் அமைதியான துணையும் மட்டுமே. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக எட்டிப் பார்த்தால் பயந்து வலியையே நிறுத்திவிடும் நாய்கள் உண்டு.

இரண்டாம் கட்டத்தில் நாய் வெளிப்படையாக முக்கும். வயிறு இறுகும், வால் ஒரு பக்கம் ஒதுங்கும். இங்கேதான் கடிகாரம் வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆவது வழக்கம். நடுவில் நாய் முக்காமல் இரண்டு மணி நேரம் வரை படுத்து இளைப்பாறலாம், அதில் தவறில்லை. ஆனால் 30 நிமிடம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றால் வழியில் தடை இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். விட்டுவிட்டு மெலிதாக முக்குவது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலும் அப்படியே. உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்து, நான்கு மணி நேரம் ஓர் அசைவும் இல்லை என்றாலும் புறப்பட வேண்டியதுதான்.

நிறத்தையும் கவனியுங்கள். கரும்பச்சைக் கசிவு முதல் குட்டி வந்த பிறகு என்றால் கவலை வேண்டாம். நஞ்சுக்கொடி பிரிவதால் வருவது அது. ஒரு குட்டிகூட வராத நிலையில் அந்த நிறம் தெரிந்தால், உள்ளே ஒரு குட்டியின் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, அதற்கு மூச்சுக்காற்று போகவில்லை என்று பொருள். சிவந்த இரத்தம் நிற்காமல் போவதும், துர்நாற்றமும் இதே அளவு அவசரம். பின்கால் முதலில் வந்தால் பலர் பதறுகிறார்கள். நாய்களில் ஐந்தில் இரண்டு குட்டிகள் அப்படித்தான் பிறக்கின்றன.

பொமரேனியன், பக் போன்ற சிறிய நாய்களை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கின் குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல். அறுவைச் சிகிச்சை வரை போவது சகஜம். சிறிய பெண் நாயைப் பெரிய நாயோடு சேர விட்டாலும் இந்தச் சிக்கல் வரலாம். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு பேசி வைத்தால் நள்ளிரவில் திண்டாட வேண்டியிருக்காது.

வீட்டு வைத்தியத்தால் நேரும் சாவுகள் வருத்தம் தருபவை, ஏனென்றால் அந்த வைத்தியம் அன்பினால் செய்தது. விளக்கெண்ணெய் புகட்டுவது, வயிற்றை அமுக்குவது, வெளியே தெரியும் காலைப் பிடித்து இழுப்பது எதுவும் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று ஆக்சிடோசின் ஊசி போடுவது இவற்றிலும் கொடியது. குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அந்த ஊசி கருப்பையை மேலும் இறுக்கும், கருப்பை கிழிந்துவிடலாம். தடை இருக்கிறதா என்று சோதித்த மருத்துவர் மட்டுமே அதைப் போட வேண்டும். சினைக் காலத்தில் கால்சியம் டானிக்கை ஊற்றி ஊற்றிக் கொடுப்பதும் தவறு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் திறனை உடம்பு குறைத்துக்கொள்ளும். பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் இரண்டு, மூன்றாவது வாரத்தில் இரத்தத்தில் கால்சியம் திடீரென்று வற்றும். கால் விறைத்து நடை தடுமாறும், தசை துடிக்கும், காய்ச்சல் ஏறும், வலிப்பு வரும். அப்போது குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு உடனே ஓடுங்கள். நரம்பு வழியாக மெதுவாக ஏற்றும் கால்சியம் உயிரைத் திருப்பிக் கொடுக்கும்.

பிறந்த குட்டியின் மேல் உள்ள சவ்வைத் தாய் கிழித்து நக்கும். ஒரு நிமிடத்தில் அது செய்யாவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, காய்ந்த துணியால் தேயுங்கள். தொப்புள்கொடியில் இரத்தம் கசிந்தால், வயிற்றிலிருந்து ஓரங்குலம் விட்டு, அயோடின் மருந்தில் நனைத்த சுத்தமான நூலால் கட்டுங்கள். முதல் நாளிலேயே சீம்பால் குடிக்க வேண்டும். பிறகு குட்டியைக் கொல்வது பெரும்பாலும் குளிர்தான். முதல் வாரத்தில் அதனால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது.

காஞ்சிபுரத்தில் பகல் என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். 1962 என்ற கட்டணமில்லா எண் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. இரவில் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரவில் யார் பார்ப்பார், எந்த வண்டி வரும், எவ்வளவு ஆகும் என்பதை 55ஆம் நாளுக்குள் கேட்டுத் தொலைபேசி எண்ணோடு எழுதி வையுங்கள்.

தெரு நாய்க்கு இந்தக் கவனிப்பு எதுவும் கிடையாது. தேரடியிலும் ராஜ வீதிகளின் ஓரத்திலும், நிறுத்திய வண்டிக்கடியிலும் அது குட்டி போடும். தண்ணீரும் சோறும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும். மழைநீர் ஏறினால் மட்டும், தாய் பார்க்கும்படி எல்லாக் குட்டிகளையும் ஒரே பெட்டியில் அருகிலுள்ள மேட்டுக்கு மாற்றுங்கள். குட்டிக்காகத் தாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டி போட்ட நாய் அப்படித்தான் கடிக்கும் என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவது குற்றம். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இத்தனை ஆண்டுகளாகியும் அதை உயர்த்தாதது பெரும் குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் விஷம் வைத்தாலோ, கொன்றாலோ, ஊனப்படுத்தினாலோ குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு பொருந்தும். ஐந்து ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் எழுதலாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடை விதிக்கின்றன.

தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. சிகிச்சைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று வேறு உத்தரவு போட்டது; அங்கே பிடித்த நாயைத் திரும்ப விடக் கூடாது. உங்கள் தெருவில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தால், குட்டிகள் பால் மறந்து தாயின் மடி வற்றியதும், தெருப் பெயரும் வார்டு எண்ணும் குறிப்பிட்டுத் தாய்க்குக் கருத்தடை செய்யக் கோரி மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க மறக்காதீர்கள்.