உத்திரமேரூர் தந்த 13 இலக்க எண்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். குடும்புக்கு ஒருவராகக் குடத்திலிருந்து ஓலை எடுத்து 30 பேரைத் தேர்ந்தார்கள். அவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு.

30 பேரை இந்த மூன்று வாரியங்களுக்கும் எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? சம்வத்சர வாரியத்துக்கு முன் அனுபவம் வேண்டும் என்கிறது கல்வெட்டு. கணக்குக்காக, யாரும் எதிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 30 பேரில் 12 பேரைத் தேர்ந்தெடுக்க 8,64,93,225 வழிகள். மிஞ்சிய 18 பேரில் தோட்டத்துக்கு 12 பேரை எடுக்க 18,564 வழிகள். மீதி ஆறு பேர் ஏரிக்கு. இரண்டையும் பெருக்கினால் 16,05,66,02,28,900. ஒரு லட்சத்து அறுபதாயிரம் கோடிக்கும் மேல்!

இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளைக் காண வகுத்துப் பார்க்கவே வேண்டாம்; அது பிறந்த விதம் தெரிந்தால் போதும். 1 முதல் 30 வரை பெருக்கி, அதை 1 முதல் 12 வரையிலான பெருக்கலால் இரண்டு முறையும், 1 முதல் 6 வரையிலான பெருக்கலால் ஒரு முறையும் வகுத்தால் இதே எண் வரும்.

இனி ஒவ்வொரு பகா எண்ணாகப் பார்ப்போம். 30க்குள் 7இன் மடங்குகள் 7, 14, 21, 28 என நான்கு. 12 வரையிலான பெருக்கல் ஒவ்வொன்றும் ஒரு 7ஐ அடித்துவிடும், இரண்டு மிஞ்சும். 13, 26 இரண்டிலும் உள்ள 13ஐ அடிக்கக் கீழே எதுவுமில்லை, இரண்டும் நிற்கும். 11க்கு மடங்குகள் 11, 22 மட்டுமே. கீழே இரண்டு இடத்திலும் 11 இருப்பதால் இரண்டுமே போய்விடும். 30க்குள் உள்ள பத்துப் பகா எண்களில் நம் எண்ணை மீதியின்றி வகுக்காதது 11 ஒன்றுதான்.

சரிபார்க்கலாம். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் 18, மற்றவை 27. வித்தியாசம் 9; அது 11இன் மடங்கல்ல. எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகை 45 என்பதால் 9ஆல் வகுபடும்.

முடிவில் 2, 3, 5, 7, 13 இரண்டிரண்டு முறையும், 17, 19, 23, 29 ஒவ்வொரு முறையும் வருகின்றன. அதாவது 2,730இன் வர்க்கத்தை 2,15,441ஆல் பெருக்கினால் கிடைப்பதே இந்த எண். கடைசியில் இரண்டு பூஜ்யங்கள் நிற்பது 2, 5 ஆகிய இரண்டும் இரண்டிரண்டு முறை வருவதால்தான். இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 3,888.

கணக்கு ஆசிரியர்கள் இதை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அதே 30 பேரைப் பத்துப் பத்தாக மூன்று வாரியங்களுக்குப் பிரித்தால், 11 காரணியாக வருமா? கால்குலேட்டர் இல்லாமலே மாணவர்கள் விடை சொல்லிவிடுவார்கள்.