பத்திரமாகத் திரும்பினால்தான் தேர்ச்சி

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி கிளம்பும் நாள்களில் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் மொட்டைமாடிகளில் மக்கள் வடதிசை நோக்கி நிற்பது நம் பகுதிக்குப் பழகிய காட்சி. ஏவுதளம் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ளது. வானம் தெளிந்திருந்தால் நெருப்புக் கீற்று வெறுங்கண்ணுக்கே தெரியும். அதைக் கண்ட சிறுவன் தானும் ஒன்று செய்ய முனைவதில் வியப்பில்லை. ஆனால் அவன் கையில் இருப்பவை தீபாவளியில் மீந்த வெடிமருந்தும் ஓர் இரும்புக் குழாயும் என்றால், பெற்றோர் அஞ்சத்தான் வேண்டும்.

1950களில் அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. இளைஞர் பலர் தாமே மருந்து கலந்து, உலோகக் குழாயில் இடித்து நிரப்பி, விரலையும் பார்வையையும் இழந்தனர். சில கலவைகளுக்குத் தீக்குச்சியே வேண்டியதில்லை, உராய்வு போதும். குழாய் வெடிக்கையில் அதன் ஒவ்வொரு சிதறலும் கத்தியாகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், தம் சகோதரர் இராபர்ட்டுடன் சேர்ந்து 1954இல் மாற்றுவழி ஒன்றை உருவாக்கினார். உடல் காகிதத்தால் ஆனது. உந்துபொறியோ ஆயத்தமாகச் செய்யப்பட்டது. செய்பவர் மருந்தைத் தொடவே மாட்டார். ஏவுகணைப் பொறியாளர் ஹாரி ஸ்டைன் இதனை முன்னெடுத்து, 1957இல் தேசிய ராக்கெட் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று 'உயர்திறன் மாதிரி ராக்கெட்' எனப்படும் பெரியவர்களின் கலைக்கும் அச்சங்கமே சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுள் ஒன்று.

அச்சான்றிதழுக்கு மூன்று படிகள் உண்டு. உந்துபொறிகள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஆற்றலின் மேல்வரம்பு இரட்டிக்கும். எச், ஐ வகைகள் முதற்படிக்குரியவை. எச் பொறியில் அடங்கும் எரிபொருள் ஏறத்தாழ 80 முதல் 160 கிராம் வரைதான், ஒரு குவளைச் சர்க்கரை அளவு. பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையில் எரிவது ஏறத்தாழ 138 டன். இரண்டிலும் எரிவது ரப்பர் போன்ற பிணைப்பில் இறுகிய ஒரே குடும்பத்துக் கலவை என்பது எண்ணி மகிழத்தக்கது. ஜே முதல் எல் வரை இரண்டாம் படி. அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம் முதல் மூன்றாம் படி. முழுமையான முதற்படிச் சான்றிதழுக்கே பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும்.

ராக்கெட்டை விண்ணப்பதாரர் தாமே கட்ட வேண்டும். தடித்த அட்டைக்குழாய் அல்லது கண்ணாடியிழைக் குழாய், ஒட்டுப்பலகையில் அறுத்த துடுப்புகள், பிளாஸ்டிக் முனைக்கூம்பு, எபாக்சி பசை, ஒரு பாராசூட் ஆகியவை போதும். வேலையில் பெரும்பகுதி பொறுமைதான். துடுப்பு இம்மியளவு சாய்ந்தாலும் ஓட்டம் கெடும். இறகுப்பந்தை எப்படி எறிந்தாலும் கனத்த தலை முன்னே திரும்பிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ராக்கெட்டுக்கும் அதுவே விதி: எடை ஒன்றிநிற்கும் புள்ளி முன்னேயும், காற்றின் அழுத்தம் ஒன்றிநிற்கும் புள்ளி பின்னேயும் அமைய வேண்டும். இடைவெளி குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவு இருப்பது நல்லது. தேர்வாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

பற்றவைப்பு மின்கம்பி வழியாகவே நடைபெறும்; முதற்படிப் பொறிக்கு அனைவரும் குறைந்தது 30 மீட்டர் விலகி நிற்க வேண்டும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக்கூடாது. எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட் சில நொடிகள் தன் வேகத்திலேயே ஏறும். பின்னர் உள்ளேயுள்ள சிறு மருந்து வெடித்து முனைக்கூம்பைத் தள்ள, பாராசூட் விரியும். அது விரியாத ராக்கெட் எத்தனை உயரம் சென்றிருந்தாலும் பயனில்லை. தேர்வாளர் மதிப்பெண் இடுவது உயரத்துக்கு அன்று. தரையிறங்கிய ராக்கெட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கிறார். பழுது பார்க்காமலே மீண்டும் பறக்கும் நிலையில் இருந்தால் தேர்ச்சி. துடுப்பு முறிந்தாலோ, ராக்கெட் கிடைக்காமற் போனாலோ தேர்ச்சி இல்லை. இந்த விதியை வகுத்தவரை மெச்சத் தோன்றுகிறது.

நம் மாநிலத்தில் இதற்கு நெருங்கிய முயற்சிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தன. 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர் உருவாக்கிய 150 சிறு செயற்கைக்கோள்களுடன் ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து, மீண்டும் பயன்படுத்தும் நோக்குடன் வடிவமைக்கப்பட்ட 'ரூமி-1' கிளம்பியது. இவை தனி வீட்டு முயற்சிகள் அல்ல. நிறுவனங்களின் மேற்பார்வையில் நிகழ்ந்தவை. உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். அன்றியும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுக எரிபொருள் கிடங்குகளும் நெருங்கி நிற்கும் நம் பகுதி எவ்வகை ஏவுதலுக்கும் ஏற்றதன்று.

எவ்வளவு எச்சரித்தாலும் விபத்து நேரலாம். தீப்பட்ட இடத்தை உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் வைத்திருங்கள். வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டா. மருத்துவர் அவற்றைத் துடைத்தெடுப்பதே காயத்துக்கு மறுபடி ஒரு வேதனை. கண்ணில் ஏதேனும் தைத்திருந்தால் தேய்க்கவோ பிடுங்கவோ அழுத்தவோ கூடாது. காகிதக் குவளையைக் கண்மேல் தாங்கலாகக் கவிழ்த்து, 108ஐ அழையுங்கள். சிறு காயமாகத் தோன்றினாலும் கண் மருத்துவரைக் காணாமல் விடாதீர்கள்.

ஆசை தணியாத பிள்ளைக்கு நீர் ராக்கெட் உண்டு. குளிர்பான பிளாஸ்டிக் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், துளையிட்ட தக்கை, மிதிவண்டிக் காற்றடிப்பான், திறந்த மைதானம், உடன் ஒரு பெரியவர். கண்ணாடிப் புட்டியோ உலோகப் புட்டியோ கூடாது. கீறலுற்ற புட்டியும் ஆகாது. புட்டிக்கு மேலே எவரும் குனியக்கூடாது. அட்டைத் துடுப்பும் பிளாஸ்டிக் பையில் வெட்டிய பாராசூட்டும் சேர்த்து, முதலில் அதைச் சேதமின்றித் தரையிறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காற்றடிக்கத் தொடங்குமுன் பிள்ளையும் நீங்களும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.