பிறந்த நாடும் புகுந்த நாடும்

மேசைப் பந்தாட்டம் என்றால் மழை நாளில் பிள்ளைகள் மன்றத்து அறையில் பொழுது போக்கும் விளையாட்டு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தச் சிறு பந்தின் பொருட்டு ஒரு நங்கை தாய்நாட்டின் கோபத்துக்கு ஆளான கதை ஒன்று உண்டு. அதன் முதல் அங்கம் நம் தலைநகரிலேயே நடந்தது.

1987-ஆம் ஆண்டு உலக மேசைப் பந்தாட்டப் போட்டிகள் புது தில்லியில் நடைபெற்றன. ஷாங்காயில் பிறந்த ஹே ஜிலி என்னும் 22 வயது வீராங்கனை சீன அணியில் வந்திருந்தார். பெண்கள் ஒற்றையர் அரையிறுதியில் அவருக்கு எதிரே நின்றவரும் சீனரே. குவான் ஜியான்ஹுவா என்பது அவர் பெயர்.

சீன அணியில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. தம்மவர் இருவர் மோத நேர்ந்தால், அடுத்து வரும் அயல்நாட்டாரை வெல்லக்கூடியவர் யார் என்று பயிற்சியாளர்கள் கணிப்பர். மற்றவரை விட்டுக்கொடுக்கச் சொல்வர். வெற்றி தனி ஒருவருடையதன்று, தேசத்தினுடையது என்பது அவர்கள் கொள்கை. இம்முறை விட்டுக்கொடுக்கப் பணிக்கப்பட்டவர் ஹே ஜிலி. அவர் பணியவில்லை. ஆடினார், வென்றார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவின் யாங் யங்-ஜாவையும் வென்று உலக வாகை சூடினார்.

பட்டம் சீனாவுக்கே கிடைத்தது. எனினும் கட்டளையை மீறியது மீறியதாகவே எண்ணப்பட்டது. மறு ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது, உலகச் சாம்பியனான அவருக்கு அணியில் இடமில்லை.

பின்னர் அவர் ஜப்பானியர் ஒருவரை மணந்து அந்நாட்டில் குடியேறினார், குடியுரிமையும் பெற்றார். கணவர் குடும்பப் பெயரான கோயாமாவை ஏற்றார். ஜிலி என்ற தம் பெயரை விடாமல், ஜப்பானியர் நாவுக்கேற்பச் 'சிரே' என்று மாற்றிக்கொண்டார். ஜப்பானில் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் ஆட்டக்காரர்களை அமர்த்தி அணிகள் நடத்துவதுண்டு. அவரும் அவ்வாறே ஆட்டத்தைத் தொடர்ந்து, ஜப்பானின் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றார்.

1994-இல் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முப்பது வயதான கோயாமா சிரே, ஒலிம்பிக் வீராங்கனையான டெங் யாபிங்கை இறுதியாட்டத்தில் வீழ்த்தித் தங்கம் பெற்றார். ஜப்பான் ஆர்ப்பரித்தது, சீனாவிலோ சினம் மூண்டது. நன்றி கொன்றவர் என்று தூற்றியோர் பலர். அவர் ஜப்பானிய மொழியில் வெற்றிக் குரல் எழுப்பியதையும் பலரால் பொறுக்க முடியவில்லை. 1996, 2000 ஒலிம்பிக்குகளிலும் அவர் ஜப்பானுக்காகவே ஆடினார்.

குற்றம் யாருடையது? கற்பித்து வளர்த்த நாட்டுக்குக் கடன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கோடிக்கணக்கானோர் உழைப்பில் உருவான ஆட்டத்திறன் அது. ஆனால் தோற்றுப்போ என்று சொல்வது, அத்திறனையே பொய்யாக்கச் சொல்வதன்றோ? தில்லியில் நேர்மையாக ஆடியது குற்றமெனில், ஹிரோஷிமாவில் புகுந்த நாட்டுக்காக நேர்மையாக ஆடியதும் குற்றமே. முன்னது குற்றமன்று எனில், பின்னதும் குற்றமன்று என்பதே நம் கருத்து.

நம்மை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை; பிழைப்பு அழைத்தது, வந்தோம். எனினும் இங்கே பிறந்த நம் பிள்ளை ஒருவன் இம்மாநிலத்தின் சட்டை அணிந்து தமிழ்நாட்டு அணியை எதிர்த்து ஆட நேர்ந்தால், கைதட்டுவதற்கு முன் நம் கைகள் ஒரு கணம் தயங்கும். தயக்கம் இயல்பே. ஆனால் அவன் தன் முழுத் திறனையும் காட்டி ஆடுகிறானா என்பதை மட்டும் பார்ப்போம். ஆடினால் தயங்காமல் தட்டுவோம். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் அதைவிடப் பெருமை வேறில்லை.