அதிர்ச்சி நிலைக்கு முதலுதவி

மூளை, இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலையே மருத்துவத்தில் அதிர்ச்சி எனப்படுகிறது. துக்கச் செய்தி கேட்டு இடிந்துபோவதையும் மின்சாரம் தாக்குவதையும் மக்கள் இதே சொல்லால் குறிப்பிடுவார்கள். மருத்துவம் சொல்லும் அதிர்ச்சி வேறு, உயிரையே பறிக்கக்கூடியது. இரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு, பெரிய தீக்காயம், மாரடைப்பு, குளவிக்கொட்டு அல்லது மருந்தால் வரும் கடும் ஒவ்வாமை, தீவிர நோய்த்தொற்று ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் முக்கால் லிட்டர் வரை போனாலும் உடல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, மிச்சமுள்ள இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். இழப்பு கூடும்போது முகம் வெளிறி, தோல் சில்லிட்டு வியர்க்கும், நாடி விரைந்தும் மெலிந்தும் ஓடும், மூச்சு வாங்கும், தாகமும் பதற்றமும் மிகும். விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் உள்ளே கசியக்கூடும்.

முதல் வேலை, 108 ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைப்பது. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைக்கலாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஓரடி உயர்த்தலாம். தலை, முதுகெலும்பு, இடுப்பு, கால் ஆகியவற்றில் அடிபட்டிருந்தால் கால்களை உயர்த்தக் கூடாது. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் சாய்ந்து உட்காரவைப்பதே நல்லது. இறுக்கமான உடையைத் தளர்த்தி, போர்வையால் மூட வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கூடாது; சூட்டில் தோலின் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கே போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். மூச்சு நின்றால் நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

அடிபட்டவர் தண்ணீர் கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சோடா வாங்கி ஓடிவருவார்கள். கொடுக்கக் கூடாது. அது வாந்தியாகி மூச்சுக்குழாயில் இறங்கலாம். அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுப்பதும் சிக்கலாகும். தாகம் தாங்காவிட்டால் உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைக்கலாம்.

இவை எதுவும் அதிர்ச்சியைக் குணப்படுத்திவிடாது. இழந்ததை ஈடுகட்ட இரத்தமோ திரவமோ ஏற்றுவதும் காரணத்தைச் சரிசெய்வதும் மருத்துவமனையில்தான் முடியும். அதுவரை உயிரைப் பிடித்துவைப்பதே முதலுதவி.